ஆள் மாற்று

அலாரம் மூன்றே முக்காலுக்கு.
இருட்டிலேயே கைக்கு வரும் டப்பா,
சட்டைப் பொத்தானைவிடச் சின்னதாக ஒரு மாத்திரை,
ஒரு தம்ளர் வெறும் தண்ணீர்.
அதன்பின் ஒரு மணி நேரம்
வாய் என்னுடையது அல்ல.

சோறு வடிக்கிறேன். தூக்குவாளியை நிறைக்கிறேன்.
அடுத்த வீட்டு டீத்தூள் கொதிக்கும் வாசம்
சுவர் ஏறி வருகிறது.
வந்துவிட்டுப் போகட்டும்.

ஐந்து மணிக்கு ஜீப்.
பதினாலு பேர்.
ஒச்சம்மாள் மடியில் பாதியும் கதவுக் கம்பியில் பாதியுமாக
கம்பம்மெட்டு வளைவுகளில் ஏறுகிறேன்.

போன வருஷம் இதே ஜீப்பில் எனக்கு
‘மூட்டை’ என்று பேர்.
பாதிச் சோற்றை மூடி வைத்தாலும் உடம்பு ஏறிக்கொண்டே போனது.
மேலே போனால் எல்லோருக்கும் குளிரும்;
எனக்கு இறங்கி வந்த பிறகும் குளிர்ந்தது.
சித்திரை வெயிலில்
கம்பம் பஸ் ஸ்டாண்டில் ஸ்வெட்டரோடு நின்றேன்.
சீப்பு நிறைய முடி.
திருப்பூரிலிருந்து மகன் போனில் கேட்டான்,
‘யாரு பேசுறது?’
என் குரல் எனக்கே
தண்ணீர் ஊறிய பறை மாதிரி இருந்தது.

ஏலத்தின் தூரில் குந்தினால்
எழுந்திருக்க ஒரு தனி யோசனை வேண்டியிருந்தது.
இந்தக் காய் விளைந்ததா என்று நான் கேட்டு முடிப்பதற்குள்
செல்லக்கிளி மூன்று தூர் தாண்டியிருப்பாள்.
சாயங்காலம் தராசில்
அவளுக்குப் பதினெட்டு கிலோ,
எனக்கு ஒன்பது.
சூப்பர்வைசர் குரியச்சன் மலையாளத்தில் கத்துவார்,
எனக்குப் புரிந்துவிடக் கூடாத இடங்களை மட்டும்.
மற்றதெல்லாம் தமிழில்.

சோம்பேறி என்று
நானும் நம்பிவிட்டேன். அதுதான் மோசம்.

ரத்தம் எடுத்த ஷாஜிதா சீட்டை நீட்டினாள்.
அறுபத்தெட்டு.
‘நெறய இருக்கே, நல்லதுதானம்மா?’
‘இல்லக்கா. இது கழுத்துல இருக்கிற சுரப்பியோட கணக்கு இல்ல.
அதை வேலை பாரு, வேலை பாருன்னு
தலைக்குள்ள இருந்து போடுற சத்தம்.
அது பார்க்காம இருக்க இருக்க
சத்தம் கூடும்.’

அப்படியானால் எனக்குள்ளேயும்
ஒரு தோட்டம் ஓடுகிறது.
அங்கேயும் ஒரு குரியச்சன்,
தூரில் குந்திய ஒருத்தி.
அறுபத்தெட்டு தடவை கத்தினாலும்
அவளால் முடியவில்லை.
அவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை.
கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன்,
இரு, இரு என்று.

மாத்திரை கொடுத்தார்கள்.
ஆறு வாரம் கழித்து ஐம்பத்தொன்று.
டாக்டர் அளவைக் கூட்டினார்.
மறுபடி ஆறு வாரம், நாற்பத்தொன்பது.
சீட்டைப் பார்த்த ஷாஜிதா கேட்டாள்,
‘எப்பக்கா போடுறீங்க? எதோட?’
‘மேல ஜீப் நிக்கும்ல, செக்போஸ்ட்டாண்ட. டீயோட.’
அவள் பேனாவைக் கீழே வைத்தாள்.

மூன்று மாதமாக மாத்திரையில் பாதியை
பால் கலந்த டீ
தன் வழியில் கூட்டிக்கொண்டு போயிருக்கிறது.

அன்றிலிருந்துதான் மூன்றே முக்கால்.
கூட்டிய அளவை டாக்டர் மறுபடி குறைத்தார்.

‘எப்ப நிறுத்தலாம்?’ என்று ஒரு தடவை கேட்டேன்.
நிறுத்துவதில்லையாம்.
உள்ளே இருப்பவள் இனி நிரைக்குத் திரும்ப மாட்டாள்;
அவளுக்குப் பதிலாகத் தினமும் ஒரு ஆளை
நான்தான் அனுப்ப வேண்டும்.
தீபாவளிக்கும், மழை லீவுக்கும்,
ஜீப் வராத பந்த் நாளுக்கும்.
ஒரு வாரம் அழுதேன்.
அப்புறம் தீப்பெட்டி, உப்பு வாங்கும் பட்டியலில்
அதையும் சேர்த்துக்கொண்டேன்.

நேற்று பதினாலு கிலோ.
பதினெட்டு வராது. வேண்டாம்.
மகனுக்குக் குரல் அடையாளம் தெரிகிறது.
முடி திரும்பவில்லை,
உதிர்வது நின்றிருக்கிறது.
மார்கழியில் இன்னும் இரண்டு சாக்ஸ்.

செக்போஸ்ட்டில் ஜீப் நிற்கிறது. ஐந்தே முக்கால்.
இப்போது எனக்கும் டீ உண்டு,
கண்ணாடித் தம்ளரை இரண்டு கையாலும் பிடித்து.
எல்லோரும் இறங்கியபின் ஒச்சம்மாள்
என் காதோரம் கேட்கிறாள்,
‘அந்த டப்பாவுல நாலு குடேன்.
எனக்கும் சித்திரையில குளிருது.’

அவள் புருவத்தைப் பார்த்தேன்.
ஓரம் தேய்ந்திருந்தது. எத்தனை நாளாகவோ.

‘அதெல்லாம் கிடையாது,’ என்றேன்.
‘ஞாயித்துக்கிழமை வா. முதல்ல ரத்தம் குடு.’